டவுன் பஸ் போகும் தூரம்

என் கடையில் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து காகிதம் எனக்குத் தலைகீழாகத்தான் வந்து விழும். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் எதையும் தலைகீழாகப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஜாதகம், கிரயப் பத்திரம், ஸ்கேன் ரிப்போர்ட், யாரோ யாருக்கோ அனுப்பும் வக்கீல் நோட்டீஸ். படிக்கக் கூடாதுதான். ஆனால் கண் போய்விடுகிறதே.

2025 சித்திரையில் ஒரு மத்தியானம் ரிடையரான தமிழ் வாத்தியார் ஒருவர் வந்தார். போனை நீட்டி, “இதை முன்னும் பின்னுமாப் போட்டுக் கொடும்மா. பின் அடிக்காதே, ஸ்பைரல் போட்டுடு” என்றார். கும்பகோணத்தில் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கான மசோதா அது. அப்போதுதான் சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. பக்கங்கள் விழ விழப் படித்தேன். வேந்தர் யார், துணைவேந்தரை யார் நியமிப்பது, செனட்டில் யார் யார், சிண்டிகேட்டில் யார் யார் என்று போய்க்கொண்டே இருந்தது. “சார், பிள்ளைங்க எங்க உட்காருவாங்கன்னு எந்தப் பக்கத்துல வருது?” என்று கேட்டேன். சட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும், அதெல்லாம் அப்புறம் வரும் என்றார். சொல்லிவிட்டு அவரும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். பெயர் கலைஞர் பல்கலைக்கழகம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் கல்லூரிகளில் டெல்டாப் பக்கத்துக் கல்லூரிகளைப் பிரித்து இங்கே இணைப்பது திட்டம். முதலமைச்சரே வேந்தர். பிறகு ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பிவிட்டார். அத்தோடு ஊரில் பேச்சும் அடங்கிப்போனது. பேச்சு அடங்கியபிறகு எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யாரும் என்னை எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் நெடுநாளாகக் கேட்டது தனி மாவட்டம். 2020இல் மயிலாடுதுறை மாவட்டமானபோது இங்கே பல பேருக்கு வயிற்றெரிச்சல். மறு வருஷம் கும்பகோணத்தை மாநகராட்சி ஆக்கினார்கள், தாராசுரத்தையும் சேர்த்து. 2011 கணக்கில் நகராட்சியாக இருந்தபோது ஜனத்தொகை சுமார் 1,40,000. மாநகராட்சி ஆனதும் குப்பை வண்டியில் பெயர் மாறியது. அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் என்ற பேச்சு. “பொண்ணு கேட்டா பாத்திரத்தைக் குடுக்கிறாங்க” என்றார் காபிக்கடைக்காரர். பாத்திரத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு.

நான் முதலில் வேண்டாம் என்ற பக்கம்தான் இருந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரி பல்கலைக்கழகம் வேண்டாம் என்று சொல்வது, குடைக்கடைக்காரன் மழை வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. ஆனாலும் அப்படித்தான் இருந்தேன். சுற்றிலும் பாருங்கள். தஞ்சாவூரில் 1981லிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகம். திருவாரூர் பக்கம் நீலக்குடியில் 2009லிருந்து மத்தியப் பல்கலைக்கழகம். சிதம்பரத்தில் 1929லிருந்து அண்ணாமலை. நாகப்பட்டினத்தில் மீன்வளத்துக்கென்றே ஒன்று. ஊருக்குள்ளேயே சாஸ்த்ரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் மையம். இத்தனைக்கும் நடுவில் இன்னொன்று எதற்கு என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பு கலைந்தது ஒரு இனிஷியலால்.

திருப்பனந்தாளுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தாள். அப்பா பெயர் கோவிந்தராஜ். அவளுடைய ஆதாரில் இனிஷியல் ‘கே’, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘ஜி’. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொருவர் முடிவு செய்ததால் வந்த குழப்பம். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. பட்டச் சான்றிதழுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தை என் கடையில்தான் போட்டாள். மார்க் ஷீட்டைப் பார்த்து அடிக்க வேண்டியதை நான் ஆதாரைப் பார்த்து அடித்துவிட்டேன். முழுக்க என் தப்பு. சான்றிதழ் ‘கே’ என்று வந்து நின்றது.

திருத்த, பட்டம் கொடுத்த பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய்விடலாம் என்று முடிவானது. அவளுடைய அப்பா கடைக்கு வந்தார். அது நடவு சமயம். முழங்கால்வரை காய்ந்த சேறு, வேட்டியை மடித்துக் கட்டியபடி கடை வாசலிலேயே நின்றார். “ஏம்மா, தனியா அனுப்ப முடியாது. நான் வந்தா ரெண்டு நாள் கூலி போச்சு. நீங்களே சொல்லுங்க” என்றார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நானே கூட்டிக்கொண்டு போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடைக்கு ஒரு நாள் பூட்டு.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அவள் அதற்கு முன்னாலேயே நாலு மணிக்கு எழுந்து, அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து சேர்ந்திருந்தாள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து திருச்சி, திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை பஸ் பிடித்தால் வழியில் பல்கலைப்பேரூர். ஒரு பக்கத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். திருச்சி பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கும் அரசு பஸ்களின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள்தான் காட்டினாள். தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், கும்பகோணம். திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, நாகப்பட்டினம் எங்கும் ஓடும் பஸ்களுக்குத் தலைமை அலுவலகம் எங்கள் ஊர். “பஸ்ஸுக்கு அவங்க நம்ம ஊருக்கு வராங்க, சர்டிஃபிகேட்டுக்கு நாம அவங்க ஊருக்கு வரோம்” என்றாள். சிரித்துவிட்டேன். கணக்குப் படித்த பிள்ளை, நேர் செய்து பார்க்கிறது.

பல்கலைக்கழகத்தில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மரம் நிறைய, அமைதி. கவுண்டரில் இருந்த அம்மா விண்ணப்பத்தையும் மார்க் ஷீட் நகலையும் பார்த்தார், பணம் கட்டச் சொன்னார், வாங்கி வைத்துக்கொண்டார். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் பதினாலு மணி நேரம். பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் எழுநூறு ரூபாய் ஆனது. நான் கொடுத்தேன். கொடுக்கத்தானே வேண்டும்.

திரும்பும்போது வல்லம் தாண்டியதும் தூங்கிவிடுவாள் என்று பார்த்தேன். தூங்கவில்லை. எம்.எஸ்ஸி. படிக்க ஆசை என்றாள். திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்ததாம். ஹாஸ்டல் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரிகளிலும் விண்ணப்பம் போட்டிருந்தாள். முதுகலை இடங்கள் கொஞ்சம், போட்டி அதிகம், பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. “அப்பா ஒண்ணுதான் சொன்னாங்க அக்கா. டவுன் பஸ் போற தூரத்துல எங்க வேணாலும் படி.”

அந்த வாக்கியத்தைப் பாபநாசம் வரும்வரை மனசுக்குள் திருப்பிக்கொண்டே வந்தேன்.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் பிள்ளை எதுவரை படிக்கிறாள் என்பதை மார்க் தீர்மானிப்பதில்லை. டவுன் பஸ் தீர்மானிக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் பணம் 2022லிருந்து வருகிறது. இரண்டும் சேர்ந்து என்ன செய்தன என்பதை என் கடையில் உட்கார்ந்தே பார்த்தேன். முன்பு ‘பிளஸ் டூ முடிச்சாச்சு, கல்யாணம்’ என்று பயோடேட்டா அடிக்க வருவார்கள். இப்போது அதே தெருவிலிருந்து அசைன்மென்ட் பிரின்ட் எடுக்க வருகிறார்கள். ஆனால் பட்டப்படிப்போடு அந்த ஆயிரமும் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பெரிய பஸ், ஹாஸ்டல், சொந்தக்காரர் வீடு. அங்கேதான் சுவர். அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு எத்தனை பேர் ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் விற்பனைக்குப் போகிறார்கள் என்று பெரிய தெருவில் ஒரு நடை நடந்தால் தெரியும். இந்தப் பெண்ணும் அப்போது ஜவுளிக்கடையில்தான் இருந்தாள். கணக்கு டிகிரியோடு, மூணு மீட்டர் எண்பது சென்டிமீட்டர் என்று துணி கிழித்துக்கொண்டு.

மத்தியப் பல்கலைக்கழகம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நானும் கேட்டவள்தான். அதற்கு அகில இந்திய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். என் கடைக்கு வரும் பிள்ளைகளில் அதற்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் வருஷத்துக்கு ஐந்தாறு பேர்கூட இல்லை. அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பதே கொஞ்சம் பேர்தான்.

சரி, அப்படியென்றால் மசோதா வந்தது நல்லதுதானே? அங்கேதான் எனக்கு அடுத்த சந்தேகம்.

என்னோடு மகளிர் கல்லூரியில் படித்தவள் ஒருத்தி கௌரவ விரிவுரையாளராக இருக்கிறாள். பெயரில்தான் கௌரவம். பதினொரு மாதச் சம்பளம், மே மாதம் கிடையாது. மே மாதம் வந்தால் என் கடையில் உட்கார்ந்து டைப்பிங் வேலைக்கு ஒத்தாசை செய்வாள், நானும் முடிந்ததைக் கொடுப்பேன். முனைவர் பட்டம் வாங்கியவள் அட்மிஷன் ஃபார்ம் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குத்தான் சங்கடம், அவளுக்கு இல்லை. மசோதாச் செய்தியைக் காட்டினேன். “கல்லூரிகளைக் கூறு போட்டுக் கொடுக்கிறதுக்குப் பேரு பல்கலைக்கழகம் இல்லடி. பரீட்சை ஆபீஸ்” என்றாள்.

அவள் விளக்கியபிறகுதான் எனக்குப் புரிந்தது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பல, கீழே இருக்கும் கல்லூரிகளின் பரீட்சைக் கட்டணத்திலும் இணைப்புக் கட்டணத்திலும்தான் வண்டி ஓட்டுகின்றன. அப்புறம் தொலைநிலைக் கல்வி வருமானம். சம்பளமும் பென்ஷனும் அதற்கு மேல் ஏறிக்கொண்டே போகின்றன. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது. அண்ணாமலையைப் பணக் கஷ்டத்தால் 2013இல் அரசே எடுத்துக்கொண்டு, உபரி என்று சொல்லி ஊழியர்களை வேறு வேறு துறைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இப்போது திருச்சியின் கல்லூரிகளில் ஒரு பங்கைப் பிரித்து இங்கே கொடுத்தால், ஒரு இலைச் சாப்பாட்டை இரண்டு இலையில் பரிமாறுகிற கதை. இரண்டு பேரும் பாதி வயிற்றோடு எழுந்திருப்பார்கள். பரீட்சை ஆபீஸ் பக்கத்தில் வந்தால் என் இனிஷியல் தப்பைத் திருத்த இவ்வளவு தூரம் போக வேண்டாம், அவ்வளவுதான். அதற்குத் துணைவேந்தர் எதற்கு? கும்பகோணத்தில் ஒரு கவுண்டர் போட்டால் போதும். அதற்கும் மேலே, ஆன்லைனிலேயே ஒழுங்காகத் திருத்த வழி செய்தால் கவுண்டரும் வேண்டாம்.

பரீட்சை ஆபீசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த இராமானுஜன் 1904இல் இங்கே அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். 1854இல் பிறந்த கல்லூரி, தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று பெயரெடுத்தது, காவிரிக்கு அக்கரையில். அப்போது பாலம் இல்லை, ஓடத்தில்தான் போவார்களாம். கணக்கைத் தவிர மற்றதில் தேறாததால் உதவித்தொகை போனது. பிறகு சென்னைக்குப் போய்ப் படித்தும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையில் தோல்வி. அந்தப் பரீட்சையை நடத்தியது சென்னைப் பல்கலைக்கழகம். அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல், பட்டம் இல்லாத அந்த மனுஷருக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு கை. ஒரு கை மார்க் போட்டது, ஒரு கை சோறு போட்டது. நாம் இன்றைக்கு இராமானுஜனைப் பேசுவது இரண்டாவது கையால்தான். மசோதாவில் நான் தேடியது அந்தக் கையைத்தான்.

உ.வே.சாமிநாதையர் கதையும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1880இல் இதே கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார், 1903வரை இருந்தார். அவரைச் சீவகசிந்தாமணி பக்கம் திருப்பியது பாடத்திட்டம் அல்ல. ஊருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியார். சிந்தாமணி புரியாதபோது விளக்கம் சொன்னவர்கள் இந்த ஊரில் இருந்த ஜைனர்கள். 1887இல் புத்தகம் அச்சேறியது. கல்லூரி ஊரை ஒட்டி, ஆற்றைத் தாண்டினால் போய்விடுகிற தூரத்தில் இருந்ததால் நடந்தது அது. பத்து மைலுக்கு அப்பால் மதில் கட்டி வைத்திருந்தால் அவர் ஜைனர் வீட்டுத் திண்ணைக்கு எப்படிப் போயிருப்பார்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இடம்தான் இந்த விஷயத்தில் பாதி. என் தம்பி ரியல் எஸ்டேட் செய்கிறான். மசோதா வந்த மறு வாரமே நோட்டீஸ் அடிக்க வந்துவிட்டான். ‘வரவிருக்கும் பல்கலைக்கழகத்துக்கு 5 நிமிடம்’. இடம் எது என்று ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. “எங்கிருந்துடா அஞ்சு நிமிஷம்?” என்று கேட்டேன். “எங்க வந்தாலும் அஞ்சு நிமிஷத்துல போற மாதிரி நான்குவழிச் சாலை இருக்குல்ல அக்கா” என்றான். விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் புதுச் சாலையைச் சொல்கிறான். ஆயிரம் நோட்டீஸ். காசு வாங்கிக்கொண்டேன், தம்பியானாலும்.

பல்கலைக்கழகம் என்றால் நூற்றுக்கணக்கில் ஏக்கர் கேட்பார்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குத் தஞ்சாவூரின் மேட்டுப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கும்பகோணத்தில் மேடு எங்கே? ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் அரசலாறு, நடுவில் ஊர். ஊரைத் தாண்டினால் வயல். குறுவை, சம்பா, தாளடி என்று மாறி மாறிப் போடுகிற மண். அதில் கட்ட வேண்டுமென்றால் ஆள் உயரத்துக்குக் கிராவல் அடிக்க வேண்டும். கிராவல் அடித்த மனையில் தண்ணீர் நிற்காது, பக்கத்து வயலில் நிற்கும். என் தம்பியின் பழைய மனைப்பிரிவு ஒன்றிலேயே பார்த்தேன். வாய்க்கால் என்று வரைபடத்தில் ஒரு கோடு இருந்தது, தரையில் இல்லை. ஐப்பசி அடைமழையில் அந்தக் கோடு திரும்பி வந்தது. மூன்று வீட்டு ஹாலுக்குள்.

ஆகவே நூறு ஏக்கர் வளாகம், ஆர்ச்சு, நடுவில் நீரூற்று என்ற கனவு எனக்கு வேண்டாம். அப்படி ஒன்று ஏதாவது வயல்காட்டில் வந்தால், திருப்பனந்தாள் பிள்ளை கும்பகோணத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். வாசலில் நின்ற அந்த மனுஷர் அதற்கும் வேண்டாம் என்றுதான் சொல்வார். இருக்கிற அரசுக் கல்லூரியையும் மகளிர் கல்லூரியையும் சுற்றி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மூன்று நான்கு கட்டிடங்களாகப் பிரித்துப் போட்டால் என்ன? உயரக் கட்டட்டும். பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல் ஊருக்கு நடுவில். மகாமகத்துக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இத்தனை லட்சம் ஜனத்தை இடித்துப் பிடித்து உள்ளே விடுகிற ஊர் இது. அடுத்தது 2028இல். அதற்கு இடம் கண்டுபிடிக்கிறவர்களுக்கு இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு இடம் கண்டுபிடிக்கத் தெரியாதா?

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது, வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் கடைசியில் அதை அண்ணாமலையோடு சேர்க்கச் சட்டம் வந்துவிட்டது. நடுவில் சேர்ந்த பிள்ளைகள் விண்ணப்பத்தில் எந்தப் பல்கலைக்கழகம் என்று அடிப்பது என்று விழுப்புரத்து ஜெராக்ஸ் கடைக்காரர் என்ன பாடு பட்டாரோ, எனக்கு அந்தக் கவலைதான் முதலில் வந்தது. தலைவர் பெயர் வைத்தால் எதிர்க்கட்சிக்கு அது கட்சி ஆபீஸ் மாதிரித் தெரிகிறது. இரண்டு பக்கமும் இதே கதைதான். காவிரிப் பல்கலைக்கழகம் என்று வைத்தால் யார் மாற்றுவார்கள்? காவிரிக்கும் கர்நாடகத்தோடு வம்பு உண்டு, அது வேறு.

என்ன படிப்பு வைக்கலாம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் தயாராக வைத்திருக்கிறேன். சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் சிலர், தெய்வத்தின் உருவத்தைச் சொல்லும் தியான சுலோகத்தை நகல் எடுக்க என் கடைக்கு வருவார்கள். பழைய நோட்டு, பக்கம் பொடிப்பொடியாக உதிரும், கண்ணாடி மேல் வைக்கவே பயமாக இருக்கும். அவர்களில் ஒரு பெரியவரிடம் அளவு எப்படி எடுப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு தென்னை ஓலைக் கீற்றை எடுத்தார். செய்யப்போகிற சிலையின் உயரத்துக்கு நறுக்கினார். அதை மடித்து மடித்து, முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு, தொடைக்கு இவ்வளவு என்று மடிப்பைக் காட்டினார். எண்ணே இல்லை. டேப் இல்லை. மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். இந்த ஓலை மடிப்பில் இருக்கிற கணக்கை எம்.எஸ்ஸி. கணிதத்தில் ஒரு தாளாக வைத்தால் அந்தப் பிள்ளை துள்ளிக் குதிப்பாள். உலோகவியல் படிக்கிறவன் சுவாமிமலைப் பட்டறையில் ஒரு பருவம் உட்காரட்டும். நீர்ப்பாசனம் படிக்கிறவன் அணைக்கரைக்குப் போகட்டும், கொள்ளிடத்தில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டியதை இன்னும் நம்பித்தானே இருக்கிறோம். திருபுவனம் தறி, நாச்சியார்கோவில் விளக்கு, தாராசுரம் கல்வெட்டு, எல்லாம் டவுன் பஸ் தூரம். இதையெல்லாம் விட்டுவிட்டு இங்கேயும் ஒரு பி.பி.ஏ., ஒரு பி.காம். சி.ஏ. என்று இன்னொரு முறை நகல் எடுப்பதாக இருந்தால், நகல் எடுக்க நான் இருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு ரூபாய்.

என் தோழி இதைக் கேட்டுவிட்டு, “முதல்ல இருக்கிற காலியிடத்தை நிரப்பச் சொல்லு. அப்புறம் ஓலை மடிக்கலாம்” என்றாள். அதுவும் சரிதான். வாத்தியார் இல்லாத பல்கலைக்கழகத்தைவிட வாத்தியார் இருக்கிற கல்லூரி மேல். ஆனால் இரண்டில் ஒன்றுதான் என்று யார் சொன்னது என்றேன். பட்ஜெட் சொல்கிறது என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மசோதா டெல்லிப் பக்கம் போன செய்தி வந்த பிறகு தம்பி மறுபடி நோட்டீஸ் அடிக்க வந்தான். பழைய ஃபைலைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் மாற்றச் சொன்னான். ‘நான்குவழிச் சாலைக்கு 5 நிமிடம்’. மற்றதெல்லாம் அப்படியே.

போன வாரம் அந்தப் பெண் வந்தாள். ஜவுளிக்கடையில் வார லீவு. எம்.எஸ்ஸி. கணிதம் தொலைநிலையில் சேரப்போகிறாளாம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேருக்கு டியூஷன் எடுக்கிறாள், அந்தப் பணத்தில். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள், ஸ்கிரீனைப் பார்த்தபடி. பெயர் அடித்தேன். அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, ‘ஜி’.”

“‘ஜி’தான் அடிச்சிருக்கேன், பாரு.”

கிட்டே குனிந்து பார்த்தாள். பிறகு மார்க் ஷீட்டை எடுத்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் கையை விட்டாள்.